இனிஷியல் மாறிப்போன சீனாக்காரர்

என் ஆசை மாமாவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்துக்குப் பேப்பர் வருமோ வராதோ, நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் சீனாக்காரர் வெய்லினை மந்திரி பதவியிலிருந்து தூக்கிவிட்டார்கள். பெய்ஜிங்கில் எவ்வளவு பெரிய நாற்காலியில் இருந்தவர்! காரணம் எதுவும் சொல்லவில்லையாம். டீக்கடையில் சத்தம் போட்டுப் படித்தார்கள். பால் வாங்கப் போன நான் தூக்கோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நமக்குக் கல்யாணமான புதிதில், ஏரிப்பாசனம் பார்க்க சீனாவிலிருந்து உத்திரமேரூருக்கு ஒரு குழு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர் என்று உங்களைத் துணைக்கு அனுப்பினார்கள். குழுவில் வயதில் சின்னவர் ஹான் வெய்லின். அவர்கள் ஊரில் தண்ணீர் இலாகா அதிகாரி. ஏரிக்கரை முழுக்க உங்களோடு நடந்தார். கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்று குடவோலைக் கல்வெட்டில் இருப்பதை நீங்கள் சொல்ல, மொழிபெயர்க்க வந்த பெண்ணை விடாமல் அதை இரண்டு தரம் கேட்டார். மத்தியானம் நம் வீட்டில்தான் சாப்பாடு. கருவாட்டுக் குழம்பின் காரத்தில் கண் கலங்கியும் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

ஒரு காகிதத்தில் உங்கள் பெயரைக் 'கன்னியப்பன் முருகேசன்' என்று முழுதாக எழுதிக் கொடுத்தீர்கள். அவர் உங்களை 'மிஸ்டர் கன்னியப்பன்' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அது உங்கள் அப்பா பெயர் என்று நீங்கள் திருத்தவில்லை. உங்கள் அப்பாவை நிலக்காரர் வீட்டுச் சின்னப் பிள்ளைகூட 'டேய் கன்னியப்பா' என்றுதான் கூப்பிடும். அந்தப் பெயருக்கு முன்னால் முதல்முறையாக ஒரு மரியாதை வந்து நின்றது. நீங்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். கேட்டதற்கு வியர்வை என்றீர்கள்.

மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் போனார். "ஹான்றது அவுங்க நைனா பேரு, நம்ம இனிஷியல் மாதிரி. இவரு பேரு வெய்லின்" என்று எனக்கு விளக்கினீர்கள். அடுத்துப் பிறந்த நம் பிள்ளைக்கும் அந்தப் பெயரையே வைத்தீர்கள். ஊர் அதை வேலு ஆக்கிவிட்டது.

பிறகு ஒருநாள் பேப்பரில், சீனாவில் ஏதோ நகரத்துக்கு டாங் வெய்லின் மேயரானதாகப் போட்டிருந்தது. இனிஷியலைத் தப்பாகப் போட்டுவிட்டான் என்று பேப்பர்காரனைத் திட்டிவிட்டு, கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தீர்கள். மேயர் மாகாண ஆளுநரானார், ஆளுநர் மந்திரியானார். ஒவ்வொன்றுக்கும் டீ. படத்தில் ஆள் ரொம்பப் பருமனாக இருக்கிறாரே என்று நான் கேட்டால், பதவி வந்தால் உடம்பு ஏறாதா என்பீர்கள். சங்கத்தில் உங்களை மாவட்டப் பொறுப்புக்குக் கேட்டபோதெல்லாம் இன்னொருவரைக் கை காட்டினீர்கள். "நம்மாளு ஒருத்தரு மேல போய்க்கினு கீறாரு, அது போதும் தனம்" என்று சிரித்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எவனோ ஏறுகிற ஏணிக்கு நீங்கள் ஏன் சந்தோஷப்பட வேண்டும்?

அவர் மந்திரியாகச் சென்னைக்கு வந்தபோது, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே கிளம்பினீர்கள். சாலையோரக் கூட்டத்தில் நின்று, கார் மெதுவாகத் திரும்பிய இடத்தில் 'கன்னியப்பன், கன்னியப்பன்' என்று கையை ஆட்டினீர்களாம். அவர் உங்கள் முகத்தையே பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாராம். இதைச் சொன்னது உங்களோடு வந்த சங்கத்துக்காரர்தான். நீங்கள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு டீயும் இல்லை, அந்தப் பேச்சும் இல்லை. சீனாக்காரனே மறந்துட்டான் பாரு என்று ஊரில் கேலி செய்தார்கள்.

கடைசியில் ஆஸ்பத்திரியில்தான் சொன்னீர்கள். "எங்க நைனா பேர சொல்லிக் கூப்டவரு தனம். மறந்துட்டாரே." உங்கள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு இருந்தேன்.

இப்போது நம் பிள்ளை வார்டு மெம்பருக்கு நிற்கிறான். மந்திரியின் பதவி போன செய்தி வந்ததிலிருந்து எதிர்க் கோஷ்டிக்குக் கொண்டாட்டம். அந்தப் பெயரால் வந்த வினை என்று அவனுக்கு ஒரே பேஜார். நோட்டீஸில் வேலு என்றே போட்டுவிடுகிறேன் என்றான். நம் மருமகள் செல்வி ஒரகடத்தில் செல்போன் கம்பெனிக்குப் போகிறாள். அங்கே இருக்கிற சீன மொழிபெயர்ப்பாளரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்தாராம். அன்று சாயந்தரம் வேலையிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

"அத்த, அவுங்களுக்கு முன்னாடி வர்றதுதான் குடும்பப் பேரு. ஹான் வேற, டாங் வேற. மந்திரியா வந்தது வேற ஆளு."

மாமா, நாம் அவரைப் பின்பாதிப் பெயரால் தேடினோம். அவரோ உங்களை முன்பாதியால் கூப்பிட்டார். அவர் அப்படிக் கூப்பிட்டபோதே, அவர்கள் ஊரில் முன்னால் வருவதுதான் குடும்பப் பெயர் என்று நமக்கு உறைத்திருக்க வேண்டாமா? சங்கத்தில் அத்தனை பேருக்கு மனு எழுதிக் கொடுத்த உங்களுக்கு இது தோன்றவில்லை. பத்தாவது முடித்த எனக்கும் தோன்றவில்லை.

காரில் போனவருக்கு உங்களை மறக்க வழியே இல்லை. அவர் உங்களை அதற்கு முன் பார்த்ததே கிடையாது. நம் ஹான் என்ன ஆனார் என்று செல்வி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள், ஒன்றும் கிடைக்கவில்லை. மேலே போகாமல் ஏதோ ஒரு ஏரிக்கரையிலேயே இருந்து ஓய்வு பெற்றுவிட்டாரோ? உயிரோடாவது இருக்கிறாரா? எதுவும் தெரியாது. இந்த ஒரு விஷயம் நீங்கள் கண் மூடுவதற்கு ஒரு நாள் முன்னால் தெரிந்திருக்கக் கூடாதா? அந்த ஆற்றாமைதான் எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்கிறது.

பிள்ளை மனம் மாறிவிட்டான். நோட்டீஸில் மு. வெய்லின் என்றே அச்சடித்திருக்கிறான். ஜெயிப்பானோ மாட்டானோ, கேலி செய்தவர்கள் வீட்டுக்கெல்லாம் ஓட்டுக் கேட்கப் போகும்போது நான் நடந்ததைச் சொல்லத்தான் போகிறேன்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வராது என்று தெரியாத பைத்தியம் இல்லை நான். அதனால் ஒரு வாக்கு தருகிறேன். நான் அங்கே வந்து சேரும் நாளில், பிள்ளை எப்படி இருக்கிறான் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்வேன்: அவரு உங்கள மறக்கல மாமா, அந்தக் கார்ல அவரு இல்லவே இல்ல.

உங்கள் அத்தை மகளும் மனைவியுமான
தனம்