கிளப்பின் தேநீர் மேசை

தாரானாக்கி, நியூசிலாந்து
ஆகஸ்ட், 1911

அன்புள்ள கணவருக்கு,

இங்கிலாந்தில் சம்பளத்துக்கு ரக்பி ஆடும் ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிவந்து, நம் பழைய ரக்பி கிளப்பிலேயே ஆடலாமா என வினவியிருந்தீர்கள்.

சனியன்று ஆட்டம் முடிந்தபின், வழக்கம்போல் தேநீர் மேசையில் என் கேக்கையும் வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. செயலாளரின் மனைவி திருமதி ட்விக் அருகே வந்தார்.

"நம்ம பதினைஞ்சு பேர் ரக்பியில காசு தொடுறதே குத்தம். காசு வாங்கிட்டு பதிமூணு பேர் ரக்பிக்கு ஓடினவன் வீட்டு கேக்கை யாரும்மா தின்பாங்க? இனி ஆயுசுக்கும் அவன் இந்த மைதானத்துல கால் வைக்க முடியாது."

"சரிதான். உங்க பசங்க கோட்டைவிடுற பந்தை இனி யாரு பிடிக்கிறதாம்?" என்றேன். சிரித்தவள் நான் மட்டுமே.

தாங்கள் வர வேண்டாம். வேலிக்கு வெளியே நின்று பிறர் ஆடுவதைப் பார்க்கும் தங்களைக் காண எனக்குத் திராணி இல்லை.

ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொள்ளுங்கள். கடலுக்கு அஞ்சியே இங்கு தங்கினேன். அவ்வச்சம் இன்னும் நீங்கவில்லை. ஆயினும், நானே கப்பலேறுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மனைவி