வேலை போன பிறகும் வேலைக்கு வந்த அண்ணைக்கு

அண்ணை,

இன்று காலை பாரிசின் லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடைக்காரர் தன் கடை வாசலை ஜவெல் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வெளுப்பு மருந்தின் நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு மேற்கொண்டு நடக்க முடியவில்லை. கையில் கறிவேப்பிலைக் கட்டோடு தெரு நடுவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். அடிக்கட்டும். நீங்களும் நானும் அந்த நெடிக்குள் ஐந்து வருடம் குடியிருந்தவர்கள் என்று அவனுக்கு என்ன தெரியும்?

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் அது நீங்கள் உயிரோடிருந்த காலத்துச் சங்கதி. போன மாசியில் நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் எல்லா மொழியும் விளங்கும் என்ற துணிவில் எழுதுகிறேன். நாம் பேசியது பாதிப் பிரெஞ்சு, பாதிக் கைச்சாடை. அதை இங்கே யாழ்ப்பாணத் தமிழில் போடுகிறேன். உங்கள் வாய்க்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

எண்பத்தாறாம் ஆண்டு. ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருந்த அந்த உணவகத்தின் நிலவறைக்கு நான்தான் அரசன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் என்றாலும், பாரிசில் என்னைப்போல் தட்டுக் கழுவ ஆள் இருக்கவில்லை. ஒரு மந்திரி வீட்டிலிருந்துகூட என்னைக் கேட்டு ஆள் வந்தது. நான்தான் போகவில்லை. அப்படிப்பட்டவனுக்குப் பக்கத்தில் ஒரு நாள் உங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். நான் உங்களை "அண்ணை" என்றேன். நீங்கள் அதுதான் என் பெயரென்று நினைத்து, திருப்பி என்னையும் "அண்ணை" என்றீர்கள். கடைசிவரைக்கும் இருவருக்கும் அதுவே பெயராக இருந்தது.

வடக்குச் சீனாவில் ஓர் அரசாங்க இயந்திரத் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் கடைசல் இயந்திரத்தில் நின்றவர் நீங்கள். குடியிருந்த வீடு தொழிற்சாலையின் வீடு. ஆஸ்பத்திரியும் அதனுடையது, மகளின் பள்ளிக்கூடமும் அதனுடையது. குளிக்கிற சுடுதண்ணீரும் தொழிற்சாலைதான் கொடுத்தது.

"ஒருக்கா உள்ளுக்குப் போனால் போனதுதான். சாகுமட்டும் ஒருத்தரும் அசைக்கேலாது," என்றீர்கள். "இரும்புச் சோத்துக் கோப்பை எண்டு சொல்லுவம். விழுந்தாலும் உடையாது."

சமையல்காரன் செல்வராசா, மன்னார்ப் பெடியன், மேலே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான். "எங்கடை ஊர்க் கச்சேரியிலை அரசாங்க உத்தியோகம் மாதிரித்தான். பென்சனும் வரும், பொம்பிளையும் வரும்."

"பொம்பிளையையும் அரசாங்கமோ குடுக்கும்?" என்று நீங்கள் உண்மையாகவே கேட்டீர்கள். செல்வராசா சிரித்த சிரிப்பில் சூப் பானை ஆடியது.

பாரிசில் தோல்பை தைத்த மைத்துனர் கூப்பிட்டதால் நீங்கள் வந்தீர்கள். தொழிற்சாலை உங்களைச் சம்பளமில்லா விடுப்பில் விட்டு, இடத்தை உங்களுக்கென்றே வைத்திருந்தது. என்றாவது திரும்பிப் போகலாம், பிறகு அந்த இடத்தை மகளுக்குக் கொடுக்கலாம் என்ற தைரியம் உங்களுக்கு இருந்தது. மைத்துனரின் பட்டறை பூட்டப்பட்டதால்தான் எங்கள் தொட்டிக்கு வந்து சேர்ந்தீர்கள். உங்கள் வதிவிட அட்டை அந்த மாதக் கடைசியில் முடிய இருந்தது. புதுப்பிக்க வேண்டுமென்றால் முதலாளியின் வேலைக் கடிதம் வேண்டும். கடிதமில்லாமல் அட்டை இல்லை. அட்டையில்லாமல் மனைவியையும் மகளையும் எடுப்பிக்க வழியில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் நிலவறைப் படியில் தட்டுகளோடு விழுந்தீர்கள். நூறு தட்டு. இருபது என்பான் செல்வராசா. அடுப்படியில் நின்றவனுக்கு என்ன தெரியும்?

நாங்கள் 'பத்ரோன்' என்று கூப்பிடும் முதலாளி மேலேயிருந்து கத்தினார்: "போ! நாளைக்கு இந்தப் பக்கம் தலை காட்டாதே!"

"அண்ணை, வேலையாலை நிப்பாட்டிப்போட்டான்," என்று நான் சொன்னேன்.

"ஓம், ஓம். பெரிய பிழை விட்டிட்டன்," என்று சொல்லி, ஏப்ரனை நாலாக மடித்து வைத்துவிட்டுப் போனீர்கள்.

மறுநாள் நான் வரும்போது நீங்கள் எனக்கு முன்னால் வந்து, அதே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தட்டுக் கழுவுகிறீர்கள்! தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, நிறையச் சீன எழுத்து. பத்ரோன் இறங்கி வந்து, இதென்ன என்று என்னைக் கேட்டார். எனக்குச் சீனம் தெரியுமா? அன்றைக்குத் தெரிந்தது. விரலை மேலிருந்து கீழே ஓட்டி, கணீரென்று பிரெஞ்சில் வாசித்தேன்: "இந்தக் கடை எனக்குத் தாய்வீடு. பத்ரோன் எனக்குத் தகப்பன். உடைந்த தட்டு ஒவ்வொன்றும் நான் பெற்ற பிள்ளை." பத்ரோனின் கண் கலங்கியதை நான் கண்டேன். ஆனாலும் உங்களை வெளியே போகச் சொன்னார். அதில் உண்மையில் எழுதியிருந்தது தட்டுகளைப் பிடித்த விதம் பிழை என்பதும், இனிமேல் எப்படிப் பிடிப்பீர்கள் என்பதும்தான் என்று பிறகு சொன்னீர்கள். என்னுடையதுதான் நன்றாயிருந்தது.

இரண்டாம் நாளும் வந்தீர்கள், துரத்தினார். மூன்றாம் நாளும் வந்தீர்கள். என்னை ஒரு பக்கமாக இழுத்து, "கூட்டம் எப்ப?" என்று கேட்டீர்கள்.

"என்ன கூட்டம்?"

"பிழை விட்டவனைக் கூப்பிட்டு எல்லாரும் ஏசுவினமே, அந்தக் கூட்டம். அது முடிஞ்சால்தானே நான் பழையபடி வேலை செய்யலாம்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு மனுசனை வேலையிலிருந்து ஒரேயடியாக எடுத்துவிடலாம் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் தொழிற்சாலையில் பிழை விட்டவனை ஏசுவார்கள், எழுதி ஒட்டச் சொல்வார்கள். மறுநாள் அவன் தன் இயந்திரத்தடியில் நிற்பான். இங்கே அப்படியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவ்வளவு பேசுகிற எனக்கு!

அன்று பின்னேரம் உங்கள் மனைவியின் கடிதம் வந்தது. நடைபாதை ஓரத்தில் குந்தியிருந்து வாசித்தீர்கள். அங்கே எல்லாம் மாறுகிறதாம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இனிச் சில வருட ஒப்பந்தம் மட்டும்தானாம். தகப்பனின் இடம் பிள்ளைக்கு இல்லையாம். விடுப்பில் போனவர்கள் உடனே திரும்பாவிட்டால் பெயரை வெட்டுகிறார்களாம். கடிதம் கையில் வந்தபோதே தொழிற்சாலையின் புதிய மனேஜர் திரும்பி வரக் குறித்த நாள் கடந்திருந்தது.

நீங்கள் கடிதத்தை மடித்தீர்கள். "அண்ணை, அப்ப பத்ரோன் சொன்னது அதுதானோ?"

"ஓம் அண்ணை. அதுதான்."

நான்காம் நாள் காலை, இனி நான் தனி என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. நீங்கள்!

"இப்ப எல்லாம் தெரியும்தானே, பிறகேன் வந்தனீங்கள்?"

நீங்கள் தலையைத் திருப்பவில்லை. "தெரியாமல் மூண்டு நாள் வந்தனான். தெரிஞ்சு ஒரு நாளாவது வரவேண்டாமோ?"

அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ ஒரு வீரம் வந்தது. மேலே ஓடினேன். "கூட்டம்! எல்லாரும் கீழை வாங்கோ!" என்று நான் போட்ட சத்தம் லூயி-பிளாங் தெருவரைக்கும் கேட்டிருக்கும். செல்வராசா வந்தான், தரை துடைக்கும் போர்த்துக்கல்காரி மரியா வந்தாள். என்ன கலவரமென்று பார்க்க பத்ரோனும் வந்தார். உங்களை நடுவில் நிறுத்தி, "இவரின் பிழைகளைச் சொல்லுங்கள்" என்றேன்.

"அண்ணைக்கு வேகம் காணாது," என்றான் செல்வராசா. நீங்கள் தலையாட்டி ஏற்றுக்கொண்டீர்கள்.

மரியா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "இவர் விழுந்தது இவருடைய பிழையா? இந்தப் படியில் மூன்று மாதமாக பல்ப் எரியவில்லை. நானும் இரண்டு தரம் விழுந்தேன். பத்ரோனிடம் எத்தனை தரம் சொன்னேன்?"

நீங்கள் பத்ரோனைப் பார்த்து, இனி அவர் முறை என்பதுபோல், நடுவிலிருந்து மெல்ல விலகி இடம் விட்டீர்கள்.

பத்ரோன் திரும்பிப் படியேறினார். இருட்டில் சுவரைக் கையால் தடவித் தடவி ஏறியதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மத்தியானத்துக்குள் பல்ப் எரிந்தது. பின்னேரம் வேலைக் கடிதம் தட்டச்சடித்து, முத்திரை குத்தி, உங்கள் கையில்! வதிவிட அட்டை கொடுக்கும் பிரிபெக்சர் அலுவலகத்துக்கு நானும் கூட வந்தேன். அந்தக் கந்தோரில் என் பிரெஞ்சுக்கு மூன்று அதிகாரிகள் எழுந்து நின்றார்கள். நீங்கள் அட்டையோடு வெளியே வந்தபோது மெற்றோ வாசலில் நான் ஆடிய ஆட்டத்துக்கு ஆட்கள் கை தட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து மனைவியும் மகளும் விமான நிலையத்தில் வந்திறங்கினார்கள். நீங்கள் ஓடிப்போய் முதலில் வாங்கியது மகளின் பெட்டியை. ஒரு கை அடியில், ஒரு கை பக்கத்தில், சுவரில் எழுதி ஒட்டிய மாதிரியே பிடித்தீர்கள்.

மாசியில் உங்களை அடக்கம் செய்தபோது மகள் என்னைப் பேசச் சொன்னாள். சீனர்களும் ஸ்தேன் புறநகரிலிருந்து வந்த எங்கள் தமிழ் ஆட்களுமாக நிறையச் சனம். இருநூறு தட்டு என்று சொன்னேன். மன்னியுங்கள், அவ்வளவு சனத்துக்கு நூறு காணாது.

அந்த உணவகத்தை விட்ட பிறகு என்னையும் மூன்று இடத்தில் நாளைக்கு வராதே என்றார்கள், அண்ணை. மூன்று இடத்துக்கும் மறுநாள் போனேன், எல்லாம் தெரிந்துகொண்டுதான். இரண்டு இடத்தில் வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது இடத்தில் பொலிசைக் கூப்பிட்டார்கள். பொலிஸ் வந்து சேருமட்டும் நான் வேலை செய்துகொண்டுதான் இருந்தேன்.