அக்கா கேட்ட மெதுவான பாட்டு

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் பல் டாக்டர் வந்து நின்றார். ஜோடி ஜோடியாகத் துள்ளி ஆடும் ஸ்விங் நடனக் கூடத்தில் ஞாயிறுதோறும் பாட்டுப் போடுகிறவள் நான். காதில் ஹெட்போன், அடுத்த பாட்டைத் தேடும் அவசரம். அவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இதைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்க" என்கிறார். அவர் ஒருவர் வாயில் கருவியை வைத்துக் குடையும்போது நான் போய் என் கடைவாய்ப் பல்லைக் காட்டினால்? அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. தலையாட்டி அனுப்பினேன்.

மார்ச் 10

பாட்டுப் போடச் சொல்லிக் கேட்பதற்கும் ஒரு பண்பு வேண்டாமா? 'ஒட்டகம்' என்று கூடமே பெயர் வைத்திருக்கும் நெட்டை மனிதர், எல்லோரும் அந்தப் பாட்டைக் கேட்கிறார்கள் என்றபடி வருவார். திரும்பிப் பார்த்தால் அந்த எல்லோரும் அவர் ஒருவர்தான். புதிதாகச் சேர்ந்த தபால்காரப் பெண் மட்டும், நேரம் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றாள். அப்படிக் கேட்டால் யாருக்குத்தான் மறுக்க மனம் வரும்?

என் அக்கா கேட்பதே இல்லை. ஆடிக்கொண்டே என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவாள். அடுத்து வேகமான பாட்டு வந்துவிடும். அவளுக்கு ஈடுகொடுத்து ஆட இங்கே ஆளில்லை. என்னை இந்தக் கூடத்துக்கு இழுத்து வந்ததே அவள்தான்.

மார்ச் 17

காபி மெஷின் அருகே பல் டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "அவங்க அக்கா புருவத்தைத் தூக்கினா போதும், பாட்டு வந்துடும். நாம வாய்விட்டுக் கேட்டாலும் வராது."

சுருக்கென்றது. பொய் என்றால் கோபப்படலாம். உண்மையாகப் போய்விட்டதே.

மார்ச் 18

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும்போதும் அதே நினைப்பு. கூடத்தில் என் மேசைமேல் அட்டை ஒன்று வைக்கப் போகிறேன். பாட்டின் பெயர் வேண்டாம், வேகமா மெதுவா என்று மட்டும் சொல்லுங்கள். சொந்தபந்தம் என்ற சலுகை கிடையாது. கடைசி வாக்கியத்தைக் கொட்டை எழுத்தில்.

மார்ச் 24

வழக்கமே இல்லாமல் அக்கா மேசைவரை வந்தாள். "அடுத்தது கொஞ்சம் மெதுவா போடேன்டி."

பல் டாக்டர் பக்கத்திலேயே நின்றார். எனக்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிட்டது. "அட்டையைப் படிச்சியா? இங்க நான் யாருக்கும் தங்கச்சி இல்ல" என்றேன். அவர் கேட்ட வேகமான பாட்டைப் போட்டேன். அக்கா ஆடவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பல் டாக்டர் என்னைப் பாராட்டினார். ஏனோ இனிக்கவில்லை. யோசித்தால் — அட்டைப்படி அவள் கேட்டது சரிதானே? மெதுவா என்று மட்டும்தானே சொன்னாள்?

மார்ச் 31

அக்கா வரவில்லை.

ஏப்ரல் 2

போனையும் எடுக்கவில்லை. போகட்டும். எனக்கென்ன வந்தது?

ஏப்ரல் 3

மறுபடியும் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 6

அக்கா வீட்டுக்காரர், அத்தான், கடைக்கு வந்தார். கண்ணாடியின் காது வளைந்துவிட்டதாம். நேராகத்தான் இருந்தது. நானும் சரிசெய்வதுபோல் திருகிக்கொண்டிருந்தேன். பிறகு மெல்லச் சொன்னார்: அக்காவுக்கு மூன்று மாதம்.

முன்பு இரண்டு தடவை தங்காமல் போனதால் யாரிடமும் மூச்சு விடவில்லையாம். "மெதுவா ஆடலாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்கம்மா. சும்மா உக்காந்திருந்தா ஏன்னு கேப்பாங்க இல்ல? அதான் உங்கிட்ட வந்தா."

பாவி. நான் பாவி. எவ்வளவு பெரிய விஷயத்தைப் பொத்தி வைத்துக்கொண்டு வந்து நின்றாள்! நான் அட்டையைக் காட்டினேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

அத்தான் எப்படியோ கூட்டி வந்துவிட்டார். அக்கா என் பக்கமே திரும்பவில்லை. நான் மெதுவான பாட்டாகவே போட்டேன். ஒன்று முடிந்தால் இன்னொன்று, அதைவிட மெதுவாக. ஒட்டகம் வந்து, கரண்ட் குறைவாக வருகிறதா என்று கேட்டார்.

கடைசியில் அக்காவே வந்தாள். "போதும்டி, எல்லாரும் தூங்கிடுவாங்க. நடுவுல மெதுவா ஒண்ணு போட்டாப் போதும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அன்னிக்கு இங்க தங்கச்சின்னு யாரும் இல்லையே."

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் பாட்டு முடிந்து கூடமே நிசப்தம். அத்தனை பேரும் எங்களைப் பார்க்கிறார்கள். அக்கா எட்டிக் கைநீட்டி ஏதோ ஒரு பாட்டைத் தட்டிவிட்டாள். இன்னொரு கையால் என் தலையில் குட்டினாள். வலித்தது. நிம்மதியாக இருந்தது.

அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

ஜூன் 16

இனி மறைக்க முடியாது, வயிறே சொல்லிவிட்டது. பல் டாக்டர் இப்போது அக்காவுக்காக மெதுவான பாட்டுக்குச் சிபாரிசு செய்கிறார். போன் மட்டும் இன்னும் என் மூக்குக்கு நேரேதான்.

ஜனவரி 12, ஞாயிறு

என் மேசைக்குப் பக்கத்தில் அக்கா குழந்தையின் தள்ளுவண்டி. ட்ரம்பெட் அலறினாலும் குட்டிப்பெண் அசந்து தூங்குகிறாள். பாட்டு நின்றால்தான் விழிக்கிறாள். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே, ஜோடி மாறட்டும் என்று கொஞ்சம் இடைவெளி விடுவது வழக்கம். அத்தான் ஓடி வந்து, இன்று ஒருநாள் மட்டும் இடைவெளி இல்லாமல் போடச் சொல்லிக் கெஞ்சினார்.

போட்டேன். விலக நேரம் கிடைக்காமல் பல் டாக்டரும் ஒட்டகமும் ஜோடியாகவே மாட்டிக்கொண்டு பாட்டுக்குப் பாட்டு சுற்றினார்கள். முறையிட ஒருவரும் வரவில்லை. அக்கா மூச்சு வாங்க, வியர்த்து வழிய வந்து வண்டிக்குள் குனிந்து பார்த்தாள். பிறகு திரும்ப ஆடப் போனாள்.