பஞ்சு காட்டினால்தான் இட்லி

இன்று காலை முகாம் மேசையில் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து வைத்திருந்தேன். பக்கத்துத் தள்ளுவண்டியில் சாம்பார் குண்டானின் மூடியைத் திறந்தார்கள். இரண்டு வாடையும் கலந்து மூக்கில் ஏறியதும், 'வந்துட்டியா?' என்று கேட்க வாய் எடுத்துவிட்டேன். ஸ்பிரிட்டும் சாம்பாரும் கலந்த அந்த வாடை அம்பத்தூரிலேயே இந்த முனையில் மட்டும்தான் உண்டு. நாம் இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கியது அது. நிமிர்ந்து பார்த்தால், கரண்டியோடு உன் மகள் நிற்கிறாள். மூடியைத் திறப்பதற்கு முன்னால் அவள் ஒரு காரியம் செய்தாள். அதைச் சொல்லத்தான் உனக்கு இந்த மடல்.

நமக்குள் பழக்கம் சண்டையில்தானே ஆரம்பித்தது? எஸ்டேட்டுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காக எங்கள் மருத்துவமனை மாதம் ஒரு சனிக்கிழமை இந்த முனையில் சர்க்கரைப் பரிசோதனை வைத்தது. வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்திருந்தோம். வந்தவர்கள் எல்லோரும் "ஒண்ணும் சாப்பிடல சிஸ்டர்" என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார்கள். மீசையில் தேங்காய்ச் சட்னி ஒட்டியிருக்கும். டாக்டர் முடிவுகளைப் பார்த்துவிட்டு, "இது சர்க்கரைக் கணக்கா, இட்லிக் கணக்கா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேராக உன் வண்டிக்கு வந்து, முகாம் முடியும் வரை கடையை மூடி வையுங்கள் என்றேன்.

"இன்னா சிஸ்டரு, நல்லா கீதே உன் நியாயம்! பட்டினியா ஷிப்டுக்குப் போறவன் மயக்கம் போட்டு மிஷின்ல கைய உட்டுட்டா, நீயா வந்து ஒட்ட வெப்பே?" என்றாய். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் பிடித்து வந்து, இப்படி ஒரு இட்லிக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேனே என்று அன்றைக்கெல்லாம் மனம் ஆறவில்லை.

அடுத்த மாதம் வந்தபோது உன் குரல்தான் முதலில் கேட்டது. "பஞ்சு எங்க? பஞ்சு காட்டு, இட்லி போடுறேன்." விரலில் குத்திவிட்டு நான் அழுத்தக் கொடுக்கும் பஞ்சைக் காட்டாதவனுக்கு உன் வண்டியில் தட்டு கிடையாது. ஏன் மனம் மாறினாய் என்று அன்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லேத் பட்டறைக்காரர் ஒருவர் பழைய தலையணையிலிருந்து பஞ்சைப் பிய்த்து விரலில் வைத்துக்கொண்டு வந்தாரே, நினைவிருக்கிறதா? அவர் கையைப் பிடித்து மோந்து பார்த்தாய். "ஸ்பிரிட்டு வாசனை இல்ல. போ நைனா, போய்க் குத்திகினு வா." அப்படிக் குத்திக்கொண்டவர்களில் எத்தனையோ பேர் பிறகு எங்களிடம் மாத்திரைக்கு வந்தார்கள். மருத்துவமனை ஆண்டு விழாவில் டாக்டர் உனக்குச் சால்வை போர்த்தினார். மறுநாளே அது இட்லிக் குண்டானைப் போர்த்திக்கொண்டிருந்தது.

ஊருக்கெல்லாம் பஞ்சு கேட்ட நீ, உன் விரலை மட்டும் நீட்டவே இல்லை. விடியும் முன்பே சட்னியும் சாம்பாரும் நாக்கில் வைத்துப் பார்க்கிறவளுக்கு வெறும் வயிறு ஏது என்பாய். சாப்பிட்ட பிறகும் பார்க்கலாம் என்றால், "தப்புத் தப்பா காட்டும்னு நீதானே சொன்னே?" என்று என் வாயை அடைப்பாய். எனக்கோ சர்க்கரைதான் என்று சந்தேகம். அடிக்கடி தண்ணீர் பாட்டிலைக் காலி செய்வாய். இட்லிக் குண்டானிலிருந்து வெந்நீர் தெறித்து உன் பாதத்தில் ஏற்பட்ட புண், ஆறாமல் நீர் கோத்துக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் தட்டுகளைக் கழுவிக்கொண்டே, கேட்காமலேயே சொன்னாய். "எங்கம்மாவுக்கு சக்கரை வந்து ஒரு கால எடுத்துட்டாங்க சிஸ்டரு. செத்தப்போ கட்டவெரல சேத்துக் கட்டணும்ல? கட்டறதுக்கு இன்னொரு காலு இல்ல. சும்மா துணிய சுத்தி உட்டாங்க." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மத்தவங்களுக்கு பாத்துக்கோ. எனக்கு வாணாம். பாக்காத வரிக்கும் ஒண்ணும் இல்ல" என்றாய். உன்னைக் கெஞ்சுவதை அன்றோடு விட்டேன். ஆனால் உன் பாதத்தைப் பார்க்காமல் ஒரு சனிக்கிழமையும் வீட்டுக்குப் போனதில்லை.

ஆடி மாதம் உங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறோம், குடும்பத்தோடு வா என்று கூப்பிட்டாய். வந்தேன். வண்டிக்கு லீவு விட்டுவிட்டு, கோயில் வாசலில் பெரிய அண்டாவில் கேழ்வரகுக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாய். புகையில் கண்கள் சிவந்திருந்தன. உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினாய். கரண்டி ஒரு முறைகூட உன் வாய்க்குப் போகவில்லை. எனக்குச் சட்டென்று உறைத்தது.

"உப்பு சரியா இருக்கான்னு பார்க்கலையா?" என்று கேட்டேன்.

"அம்மனுக்குப் பண்றத எவளாவது ருசி பாப்பாளா? படைச்சப்புறம்தான் எல்லாம். நேத்து ராத்திரிலேர்ந்து பச்சத் தண்ணி மட்டுந்தான்."

"அப்போ கையை நீட்டு" என்று கைப்பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்தேன்.

நீ கரண்டியைப் பிடித்தபடியே நின்றாய். கூழுக்குச் சொம்போடு காத்திருந்த பெண்கள் எல்லோரும் உன்னையே பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேரின் புருஷன்மார் உன் வண்டியில் பஞ்சு காட்டிச் சாப்பிடுகிறவர்கள். ஒருத்தி மெதுவாக, "எங்கூட்டு ஆள மட்டும் குத்த வெச்சியே யக்கா" என்றாள். என்னை முறைத்துக்கொண்டே, வலது கையால் கூழைக் கிண்டியபடி, இடது கையை நீட்டினாய். விரல் நடுங்கியது. சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது.

நீ எண்ணைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாய். "காலு போய்டுமா?" என்று கேட்டாய். இப்போதே வந்தால் போகாது என்றேன். "நாளைக்கு வரேன். இன்னிக்குக் கூழு ஊத்தணும்" என்று அண்டாவின் பக்கம் திரும்பிவிட்டாய். நீ வருவாயா என்று இரவெல்லாம் எனக்கு ஐயம். மறுநாள் நான் பணிக்கு வருவதற்கு முன்பே மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருந்தாய். பார்த்ததும் என் கண் கலங்கிவிட்டது, தெரியுமா?

மாத்திரை, ஊசி, காலுக்குக் கட்டு என்று மாதக்கணக்கில் வந்தாய். ஊசி போடும்போதெல்லாம் என்னைத் திட்டினாய். புண் ஆறியது. அதன் பிறகு முகாமில் யாராவது தயங்கினால், செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் ஓங்கி மிதித்துக் காட்டுவாய். "எனக்கும் சக்கரை கீது. குத்திகினேன். ரெண்டு காலும் கீதா பாரு!" எங்கள் நோட்டீஸ் எல்லாம் அதற்கு முன்னால் எந்த மூலைக்கு?

போன வருஷம், தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டாய். சேதி கேட்டு ஓடி வந்தபோது உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். யாரோ துணியைக் கிழித்து உன் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். சேர்த்துக் கட்ட இரண்டு கால்கள் இருந்தன. அழுகையோடு அழுகையாக, அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

இன்று காலை உன் மகள் வண்டியை நிறுத்தினாள், அடுப்பை மூட்டினாள். குண்டானைத் திறக்காமல் நேராக என் மேசைக்கு வந்து கையை நீட்டினாள். "இன்னும் ருசி பாக்கல ஆண்ட்டி. மொதல்ல எனக்குப் பாத்துடுங்க" என்றாள். உன் விரல் மாதிரியே நீளமான விரல், ஆனால் நடுங்கவில்லை. சர்க்கரை சரியாக இருந்தது. பஞ்சை அழுத்திக்கொண்டே போய், அதற்குப் பிறகுதான் மூடியைத் திறந்தாள்.

கூட்டம் குறைந்ததும், பசியோடு அவள் வண்டியில் போய் நின்றேன். என் விரலைப் பார்த்தாள். "பஞ்சு எங்க ஆண்ட்டி?" என்றாள். இத்தனை வருஷமாக ஊரைக் குத்துகிற நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டீ குடிச்சுட்டேனே." உன் சிரிப்பையே சிரித்தாள். "அப்ப அடுத்த மாசம் துன்னாம வாங்க" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவருக்குத் தட்டைக் கொடுத்தாள்.

எனக்கு இட்லி கிடைக்கவில்லை. பட்டினியாக பஸ் ஏறினேன், வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். அடுத்த மாத முகாமுக்கு டீ குடிக்காமல் போகிறேன்.