ணங்கென்று சொல்லாத வண்டி

இன்று காலை உன் வீட்டுக்காரியை, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளை, கருவேப்பிலங்குறிச்சியில் அவள் அம்மா வீட்டில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பினேன். வழியில் ஒரு வேகத்தடை. வண்டி ஏறி இறங்கியதும், தண்ணீர் பாட்டில் வைக்கும் குழியில் கிடந்த உன் ஃபியூஸ் கட்டை புரண்டு ‘ணங்’ என்றது. வண்டிக்குள் வேறு சத்தமே இல்லை. ஓரமாக நிறுத்தி அழலாமா என்று பார்த்தேன். பின்னால் வந்த கரும்பு டிராக்டர்காரன் ஆரன் அடித்ததால் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

அந்தக் கட்டையை நீ கொண்டுவந்தது வண்டி வந்த அன்று. தை மாதம். சொந்தக்காரர்கள் எலுமிச்சம்பழத்தோடும் சாமி பொம்மையோடும் வந்து நின்றார்கள். நீ மட்டும் உன் பீங்கான் பட்டறையில் சுட்ட வெள்ளை ஃபியூஸ் கட்டை ஒன்றைத் தினசரித் தாளில் சுற்றிக்கொண்டு வந்தாய்.

“கரண்டுல ஓடுற வண்டியாம்ல. நடுவழியில ஃபியூஸ் போச்சின்னா மாட்டிக்கடா.”

“கரண்டு மட்டும் இல்லடா, பெட்ரோலும் உண்டு. எது எப்ப ஓடணும்னு வண்டியே முடிவு பண்ணிக்கும்” என்று, விற்றவர் எனக்கு ஒப்பித்ததை உனக்கு ஒப்பித்தேன்.

“அப்ப உனக்கு அதுல என்ன வேல?” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

நம் இருவர் பிழைப்பும் காதில்தான் ஓடியது. சூளையிலிருந்து இறங்கிய கட்டைகளை நீ இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பாய். நான் என் பாத்திரக் கடையில் குடத்தைச் சுண்டிக் காட்டாமல் ஒரு கல்யாணச் சீரும் விற்றதில்லை. “ணங்குன்னா உசுரு இருக்கு. பொத்துன்னா உள்ள வெடிப்பு. இதுக்கு மேல ஒரு படிப்பும் கெடையாது” என்பாய். நீ பூசணிக்காயைத் தட்டுவாய், புதுச் சுவரைத் தட்டுவாய், உன் மச்சானுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் காபி டம்ளரைச் சுண்டிவிட்டு, “வெள்ளி இல்ல, முலாம்” என்று என் காதில் சொன்னாய். அது சம்பந்தி காதுவரை கேட்டது வேறு கதை.

என் புது வண்டியையும் தட்டினாய். பொத். “தகரம்” என்று உதட்டைப் பிதுக்கினாய். நான் ரோஷத்தோடு உள்ளே ஏறி பிரேக்கை மிதித்துப் பொத்தானை அமுக்கினேன். திரையில் ‘ரெடி’ என்று பச்சையாக எழுத்து எரிந்தது. சத்தம் இல்லை. உன் முகத்தில் இளக்காரம் பரவுவதற்குள் எஞ்சின் உறுமியது. “இப்பத்தான் உசுரு வந்துச்சி” என்றாய்.

ஆறிக் கிடந்த வண்டியாக இருந்ததால்தான் அது அப்படி உறுமியது. இது எனக்கு அப்போது தெரியாது. ஆறின வண்டியைத்தான் தினமும் காலையில் எடுத்தேன், தினமும் உறுமியது. இடையில் எங்கே நிறுத்தினாலும் ஏசி போய்விடுமே என்று அணைக்க மாட்டேன். அமுக்கினால் உறுமும் என்று என் விரல் பாடம் படித்துக்கொண்டது.

ஊர் அந்த வண்டியைப் பார்த்த பார்வையை நீயும் ரசித்தாயே. தெருவில் மெதுவாகப் போகும்போது அது பேட்டரியில் பூனை மாதிரிப் போகும். படுத்திருக்கும் நாய்கள் எழுந்திருக்காது, நான்தான் இறங்கி எழுப்பவேண்டும். நான் பணமில்லாமல் எஞ்சின் இல்லாத வண்டியாக வாங்கிவிட்டேன் என்று பால் ஊற்றுபவர் நான்கு தெருவுக்கும் ஊற்றிவிட்டார். எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் மின்சார ரசீதோடு வந்து, “ராத்திரியில எங்க மீட்டர்ல ஏதும் சொருவுறீங்களா?” என்று கேட்டார். இது சொருகுகிற வண்டியே இல்லை, ஓடும்போது தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், பிரேக் போட்டால்கூட ஏறும் என்று விளக்கினேன். அதைக் கேட்ட என் மனைவி, “அப்ப பிரேக்க மிதிச்சிக்கிட்டே போனா பெட்ரோலே வேணாமாங்க?” என்றாள். திட்டக்குடிப் பக்கம் ஏரி பார்க்கப் போனோமே, அன்று வழியெல்லாம் நீ திரையையே பார்த்துக்கொண்டு வந்தாய். சக்கரத்திலிருந்து பேட்டரிக்கும் பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கும் அம்புக்குறி ஓடுவதைப் பார்த்து, “குடுத்ததத் திருப்பிக் குடுக்குது. சொந்தக்காரன விடத் தேவல” என்றாய்.

செலவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பெட்ரோல் உண்மையிலேயே பாதியாகிவிட்டது. மிச்சமானதை இன்சூரன்ஸ் தின்கிறது. சர்வீஸுக்குக் கடலூர் போகவேண்டும், அன்று கடை பூட்டு. ஒயரில் எலி வாய் வைக்காமலிருக்க பானெட்டுக்குள் புகையிலையும் ரசகற்பூரமும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், வண்டியைத் திறந்தால் மாமனார் பெட்டி மாதிரி மணக்கிறது. இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கவைப்பேன். ஊருக்குச் சொல்கிற செலவு இவ்வளவுதான்.

வண்டி வந்து ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய பதினொரு மணி. உன் பட்டறைக்கு வந்தேன். கால் மணி நேரமாவது பேசாமல் விடமாட்டாய் என்று முதல்முறையாக, ஓடி வந்த சூட்டோடு, வண்டியை இடையில் அணைத்துவிட்டு இறங்கினேன். நீ களிமண் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாய். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வழக்கமாக வாசலிலேயே “வாய்யா, சத்தமில்லாத கம்பெனி” என்று ஆரம்பிப்பவன், வாயே திறக்கவில்லை. உலகத்தையே தட்டிப் பார்க்கிற நாம் இரண்டு பேர். அன்று உன்னைத் தட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

“வாய்வுடா. ஒரு சோடா வாங்கியா” என்றாய். “நேத்து விருந்துல வடைக்குத் தனி பந்தி போட்டியே, அது பேசுது” என்று நக்கல் அடித்துவிட்டு வாங்கிவந்தேன். இரண்டு மடக்கு குடித்தாய். இடது தோளைப் பிடித்துக்கொண்டு, “வண்டிய எடு” என்றாய். குரலே வேறாக இருந்தது.

கட்டை அடுக்கும் செல்வியும் நானும் உன்னைத் தாங்கி முன்சீட்டில் உட்காரவைத்தோம். நான் ஓடிவந்து ஏறிப் பொத்தானை அமுக்கினேன். சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கினேன். திரை அணைந்தது. மறுபடி அமுக்கினேன். திரை வந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. “கெளம்பு, கெளம்புடி” என்று ஸ்டீயரிங்கை அடித்தேன். நீ சீட்டில் சாய்ந்தபடி கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாய்.

“ஃபியூஸு போயிடுச்சாடா?” என்றாய்.

நீ கடைசியாகப் பேசியது அதுதான். சிரித்தாயா, வலியில் உதடு இழுத்ததா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான் இறங்கி மெயின் ரோட்டுக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை, ஆட்டோ கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்த ஒன்றில் உன்னை ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாம்” என்றார்.

சாயங்காலம் வண்டியை எடுக்க வந்தேன். திறந்து கிடந்த கதவைச் செல்வி சாத்திவைத்திருந்தாள். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் பச்சையாக ‘ரெடி’. நான் கடைசியாக அமுக்கிய அமுக்கில் கிளம்பி, அவ்வளவு நேரமும் அது தயாராகவே நின்றிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேட்டரி இறங்கியதோ என்னவோ, எஞ்சின் தானாக உறுமியது.

தங்கச்சியிடம், “வண்டி ஸ்டார்ட் ஆவலம்மா” என்றேன். என் கதைகளுக்கெல்லாம் கைகால் முளைக்கவைக்க நான் பாடுபடவேண்டும். இதற்குத் தானாக முளைத்தது. துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் வண்டியைத் திட்டினார்கள். கடலூரிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, “ஒரு கொறையும் இல்ல சார். சூடா இருந்தா சத்தம் வராது, ரெடின்னு வந்தா போயிடலாம்” என்றார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தங்கச்சி எனக்காகப் பேசினாள்: “அந்த வண்டி சதி பண்ணிடுச்சி, அண்ணன் என்ன பண்ணுவாரு?” ஆறு மாதம் அந்த வார்த்தையின் நிழலில் சொகுசாக இருந்தேன்.

இன்று காலை அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையென்று போன் வந்தது. பஸ்ஸுக்கு நின்றவளை நான்தான் ஏறச் சொன்னேன். கடைக்குப் போய்விட்டு வந்த வண்டி, சூடாக இருந்தது. அவளுக்காகப் பின்சீட்டுச் சாமான்களை ஒதுக்க அணைத்திருந்தேன். பின்சீட்டில் இடம் பண்ணுவதற்குள் அவள் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். நீ உட்கார்ந்த இடம். பொத்தானை அமுக்கினேன். பச்சை எழுத்து வந்தது.

“ஸ்டார்ட் ஆவலையாண்ணே?” என்றாள்.

“ஆயிடுச்சிம்மா.”

“சத்தமே காணோம்?”

“இது அப்படித்தாம்மா.”

அவள் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

“அன்னிக்கும் இப்படித்தான் ஆயிருந்துச்சாண்ணே?”

நாற்பது வருடம் கடையில் வாயடித்தவனிடம் அப்போது ஒரு சொல்தான் இருந்தது.

“ஆமாம்மா.”

“போங்க. நேரமாவுது” என்றாள்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். குழியிலிருந்து உன் கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஊர் வந்ததும் அதைத் திரும்ப வைத்துவிட்டு இறங்கினாள். கதவைப் பிடித்தபடி நின்று சொன்னாள்: “அவரா இருந்தாலும் சத்தம் வரலன்னு திரும்பத் திரும்ப அமுக்கித்தான் இருப்பாரு.” மன்னித்துவிட்டாள் என்று நான் மூச்சு விடுவதற்குள், “நாளைக்கி நீங்க வர வேணாம். நான் பஸ்ஸுலயே வந்துக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.

வண்டியை விற்றுவிடச் சொல்கிறார்கள். விற்றால் இந்த விரலை என்ன செய்வது? இப்போதும் அமுக்கியதும் அது சத்தத்துக்குக் காத்திருக்கிறது. வராவிட்டால் மறுபடி அமுக்கத் துடிக்கிறது. அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். ஒருமுறை அமுக்குவேன். உடனே அதே கையால் உன் ஃபியூஸ் கட்டையை எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். வண்டி நகரும்வரை விடமாட்டேன்.