பின்பக்கமாக ஒரு நடை

பிப்ரவரி 4

அன்பு அக்கா,

சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கிறாய், அதனால் கடிதம். எனக்கு வகுப்புக்குப் போகவே அலுத்துவிட்டது. பழங்குடி என்ற சொல் வந்தால் போதும், அறுபது தலையும் என் பக்கம் திரும்பும்.

பேராசிரியர் நம் ஜனத்தைப் பற்றி எழுதிய புத்தகம்தான் பாடம். நம் மணப்பெண் கணவன் வீட்டுக்குள் பின்பக்கமாக நடந்து நுழைவாளாம்! அப்படியெல்லாம் இல்லை என்று பரீட்சையில் எழுதினேன். முட்டை போட்டுவிட்டார். “ஏழு வயசுலயே ஹாஸ்டலுக்கு வந்துட்டே. உங்க வழக்கம் உனக்கே மறந்துடுச்சும்மா” என்கிறார். மறுதேர்விலும் போனால் உதவித்தொகை நின்றுவிடும். அக்கா, நிஜமாகவே எனக்குத்தான் தெரியாதோ?

உன் வாலு


பிப்ரவரி 13

அடி வாலு,

நாற்றுப் பண்ணையில் மண் பையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். அது அப்பா பண்ணிய வேலை! நீ பிறக்கும் முன்னே உன் பேராசிரியர் டேப் ரெக்கார்டரோடு வந்து, நம் கல்யாண வழக்கம் என்ன என்று நாலு நாள் தொணதொணத்திருக்கிறார். விறகு சுமந்து வந்த களைப்பில் அப்பா, “பொண்ணு பின்பக்கமாவே நடந்து உள்ளே வருவா, ஆளை விடுங்கய்யா” என்றாராம். குடியிருப்பே ஒரு வாரம் சிரித்ததாம்.

அவரிடம் போய் உளறி வைக்காதே. புத்தகத்தில் இருப்பதையே எழுதித் தொலை. உன் படிப்பு முக்கியம்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

தேறிவிட்டேன். அதோடு விட்டார்களா? கருத்தரங்கில், “நீயே நடந்து காட்டும்மா” என்றார்கள். நடந்தேன். கைதட்டினார்கள், வீடியோ எடுத்தார்கள். அறைக்கு வந்து படுத்தவள் சாயந்திரம் வரை எழவில்லை. வெட்கமாக இருந்தது.

உன் கல்யாணத்தன்று எனக்குப் பரீட்சை. திட்டாதே.

வாலு


ஏப்ரல் 18

வாலு,

கல்யாணம் முடிந்தது. திட்டவில்லை.

அதற்கு முந்தின வாரம் இனச்சான்றிதழ் அதிகாரி வந்தார், புதுப்பிக்க வேண்டிய எல்லாருக்கும் விசாரணை. மணப்பெண் எப்படி நுழைவாள் என்றார். நேராகத்தான் என்றோம். போனில் உன் வீடியோவைக் காட்டினார். “படிச்ச பொண்ணு சரியா நடக்குறா. உங்களுக்குத் தெரியலேன்னா நீங்க நிஜமாவே அந்த ஜனம்தானா?”

அந்தக் காலத்தில் தானே சொன்ன பொய் அது என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அதிகாரி நம்பவில்லை. உன்னுடையதோடு பன்னிரண்டு பிள்ளைகளின் சான்றிதழும் அவர் பையில். கல்யாணத்துக்கு நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். வந்தார். முன்வரிசையில் நாற்காலி போட்டோம்.

பின்பக்கமாகவே நடந்தேன். வாசற்படியில் குதிகால் இடித்துத் தடுமாறினேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அப்பா எழுந்து வீட்டின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

உன் மேல் கோபமில்லை. எழுதச் சொன்னவள் நான்தானே. அசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த மாதம் நாத்தனாருக்குக் கல்யாணம். எப்படி நடக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டுப் பழகுகிறாள்.

உன் சான்றிதழை இதோடு வைத்திருக்கிறேன். பத்திரம்.

அக்கா