அம்மா லெமினேட் பண்ணின முதலாம் இலக்கம்

என்ட செல்லச் சண்டைக்காரன் நிக்சனுக்கு,

இருந்து எழுத ஏலாமக் கிடக்கு தம்பி. நாலு வரி எழுதுறதுக்குள்ள ரெண்டு தரம் எழும்பி வாசல் வரைக்கும் போயிட்டு வந்திட்டேன். நேத்து நான் செய்த காரியம் சரியா பிழையா எண்டு கேக்க உன்னை விட்டா எனக்கு ஆளில்ல. நீயோ டெங்குக் காய்ச்சல் எண்டு கொழும்பு ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தாய், படுத்ததுதான். வாற மாசம் உனக்கு ஆண்டுப் பூசை. அதுக்குள்ள இப்பிடியொரு வேலையை என்ட தலையில கட்டிப்போட்டுப் போயிருக்கிறாய்.

முதல்ல ஊர்ப் புதினத்தைச் சொல்லிடுறேன். கல்பிட்டி ஜெற்றியடியில ஐஸ் பக்டரிச் சுவர்ல நீ வரைஞ்ச அம்மா இப்ப இல்ல. அதுக்கு மேல டெலிபோன் விளம்பரம் ஒண்டு அடிச்சிருக்கிறாங்கள், பச்சையும் மஞ்சளுமா, பார்த்தாலே கண் கூசுது. நான் இப்ப அந்தப் பக்கம் போறேல்ல. மீன் வாங்கவும் சுத்திக்கொண்டுதான் போறேன்.

அந்தச் சுவரை வரைஞ்சப்ப உனக்கு வயசு என்ன, மீசை கூட ஒழுங்கா முளைக்கேல்ல. கருவாட்டுக் கூடையைத் தலையில வைச்சுக்கொண்டு அம்மா முதுகு காட்டி நடக்கிறா. முகமே இல்லாத படம். ஆனாலும் உச்சமுனையிலயிருந்து போட்டில வந்து இறங்கின சனம் அந்த ஒருபக்கம் சாய்ஞ்ச நடையைப் பார்த்திட்டு, "அட, இது எங்கட மேரியக்கா எல்லோ!" எண்டு சிரிச்சுதுகள். அம்மாவுக்கு மட்டும்தான் கோவம். "பெத்தவளை வரையத் தெரிஞ்சவனுக்கு மூஞ்சி வரையத் தெரியாமப் போச்சாக்கும்" எண்டு ஒரு கிழமையா உனக்குச் சோத்தை நங்கெண்டு வைச்சா. ஞாபகம் இருக்கா?

பிறகு நீ கொழும்புக்குப் போனாய். சுவரில கீறித் திரிஞ்ச பொடியன் ஓவியனாயிட்டாய் எண்டு பேப்பரில போட்டிருந்தாங்கள். அந்தச் சுவர்ப் படத்தையே திருப்பியும் கடதாசியில, சட்டத்தில இழுத்துக் கட்டின துணியில படத்தைப் பதிச்சு, அந்தத் துணிச் சட்டத்தால மை இழுத்து அச்சடிச்சாய். இருபத்தஞ்சு அடிச்சிட்டு, இனி இல்ல, முடிஞ்சுது எண்டாய். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"சட்டம் கையில கிடக்கு, மையும் கிடக்கு, ஆயிரம் அடிச்சு ஊருக்கெல்லாம் குடுத்தா என்னடா? சுவர்ல கிடந்தப்ப மீன்காரனும் பார்த்தான், நாயும் பார்த்தது. இப்ப எந்தப் பணக்காரன்ட அறைக்குள்ள எங்கட அம்மாவைப் பூட்டி வைக்கப்போறாய்?" எண்டு நான் போட்ட சத்தத்தில பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தவை. நீ சிரிச்சாய். "அக்கா, இது இத்தனைதான் எண்டு முதலே வாக்குக் குடுத்திட்டுச் செய்யிற வேலை. பென்சிலால இலக்கம் போட்டு என்ட பேரை எழுதினா அதோட சரி" எண்டாய். உன்ட அந்தச் சிரிப்புக்கே நான் இன்னும் நாலு பேச்சுப் பேசியிருக்க வேணும்.

முதலாம் இலக்கத்தை மெல்லிசுக் கடதாசியில சுத்திக் கொண்டுவந்து அம்மாட மடியில வைச்சாய். கை படாம வைச்சிருக்கச் சொன்னாய். அச்சடிச்ச துணிச் சட்டத்தை, அதில இருக்கிற படத்தை அழிக்க நேரமில்ல எண்டு அம்மாட கட்டிலுக்குக் கீழ தள்ளிப்போட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாய். எப்பவும் ஒரு அவசரம் உனக்கு.

எங்கட அம்மாவை உனக்குத் தெரியாதா? இந்த உப்புக்காத்துக்கு எதுவும் மிஞ்சாது எண்டு சொல்லி, ஞானஸ்நானத் துண்டு, காணி உறுதி, அப்பாட போட்டோ, நீ பெயிலான ஓ.எல். சோதனை ரிசல்ட் எல்லாத்தையும் லெமினேட் பண்ணி அலுமாரிக்குள்ள அடுக்கி வைச்சிருக்கிற மனிசி. உன்ட முப்பத்தோராம் நாள் பூசைக்கு நீ குடுத்த அந்த முதலாம் இலக்கத்தைக் கோயில் மேசையில வைக்க ஆசைப்பட்டா. மெழுகு சிந்திடும் எண்டு பயந்து, எனக்கும் சொல்லாம, புத்தளத்துக்கு பஸ் ஏறிப்போய் ஒரு கொமினிகேஷன் கடையில குடுத்து நல்ல தடிச்ச பிளாஸ்டிக்கா அடிச்சுக்கொண்டு வந்திட்டா. வந்து என்னட்டக் காட்டினப்ப மூஞ்சியில அவ்வளவு பெருமை. நானும் நல்லது எண்டுதான் நினைச்சேன். ஆருக்குத் தெரியும்?

போன மாசம் கொழும்பிலயிருந்து உன்ட படங்களைக் கண்காட்சி வைச்சு வித்துக் குடுத்த அந்த மிஸ் வந்தா. ஒரு மியூசியம் உன்ட படத்தை எடுத்து நிரந்தரமா மாட்டப்போகுதாம். ரிக்கெட் இல்லாத இடம், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வந்து பார்க்கிற இடம். மற்ற இருபத்துநாலும் வாங்கினவங்கட வீடுகளில இருக்கு, தரமாட்டாங்களாம். இது ஒண்டுதான் மிச்சம். சந்தோசத்தில உடனேயே அம்மாவைக் கூப்பிட்டுப் படத்தை எடுத்துவரச் சொன்னேன் தம்பி. உன்னோட நான் சண்டை பிடிச்சதே இதுக்குத்தானே, எல்லாரும் பார்க்க வேணும் எண்டுதானே!

அம்மா படத்தைக் கொண்டுவந்து நீட்டினா. மிஸ் தலையில கையை வைச்சுக்கொண்டு அப்பிடியே கதிரையில இருந்திட்டா. சூட்டில அந்தப் பசை கடதாசிக்குள்ளயே இறங்கிடுமாம், இனி உரிக்க ஏலாதாம், மியூசியம் இதைத் தொடாதாம். அம்மாவை ஒரு சொல்லும் சொல்லேல்ல அவ. நல்ல மனிசி. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக் கிடக்கு.

பிறகு போன கிழமை போன் எடுத்தா. அச்சு வேலைக்காரருக்குள்ள ஒரு வழக்கம் இருக்காம். ஒரு பிரதி பழுதாப்போனா, அதைச் சாட்சிக்கு ஒரு ஆள் முன்னால வெட்டி அழிச்சுப்போட்டு, அதே இலக்கத்தில இன்னொண்டு அடிக்கலாமாம். துணிச் சட்டம்தான் வீட்டில இருக்கே. உனக்கு மை இழுத்துக் குடுத்த அந்தப் பிரஸ்காரரே அடிச்சுத் தருவாராம். உனக்காக எண்டு போட்டு, கீழ நான் பென்சிலால கையெழுத்து வைச்சாலே காணுமாம், வேற ஒண்டும் தேவையில்லையாம். நான் ஓம் எண்டேன். உடனேயே ஓம் எண்டேன். பொய் சொல்லுவானேன், மியூசியத்தில என்ட கையெழுத்தும் தொங்கப்போகுது எண்டு ஒரு புளுகமும் பெருமையும் வந்தது.

நேத்துக் காலம அவ வந்தா. அம்மா எல்லாத்துக்கும் சம்மதம்தான். "அவனுக்கு நல்லதெண்டா வெட்டுங்க பிள்ளை" எண்டு தானே படத்தை எடுத்து, ஈரத்துணியால துடைச்சு, மேசையில வைச்சா. நான் என்ட தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தேன். அப்ப அம்மா கேட்டா, "கீழ அவன் பேர் எழுதின துண்டை மட்டும் வெட்டி எனக்குத் தாங்க, காணும்."

நான் அதைச் சிங்களத்தில மிஸ்ஸுக்குச் சொல்ல, அவவும் சிங்களத்தில சொன்னா, அதைத்தான் முதல்ல வெட்ட வேணுமாம். கையெழுத்து மிஞ்சினா முதலாம் இலக்கம் ரெண்டு இருக்கிற மாதிரியாகிடுமாம். அம்மாவுக்குக் கருவாடு விக்கிற அளவுக்குத்தானே சிங்களம் தெரியும். நான்தான் தமிழில சொல்ல வேண்டியதாப் போச்சு. "அம்மா, அவன் பேர் எழுதின இடத்தைத்தான் அழிக்க வேணுமாம்."

அம்மா அழேல்ல. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டா. "அப்ப அவன் செத்தது காணாதாமா?"

எனக்கு ரெண்டு பாஷையும் தெரியும். ஆனா அதை மிஸ்ஸுக்குச் சொல்ல ஒரு பாஷையிலயும் வாய் வரேல்ல. கத்தரிக்கோல் கையில இருக்கு. நான் அறைக்குள்ள போனேன், குனிஞ்சு கட்டிலுக்குக் கீழ இருந்த உன்ட துணிச் சட்டத்தை இழுத்தெடுத்தேன். மூலையில கத்தரிக்கோலைக் குத்தி, இந்த மூலையிலயிருந்து அந்த மூலை வரைக்கும் ஒரே இழுவை. துணி சர்ரெண்டு கிழிஞ்சுது. மிஸ் "ஐயோ, அனே அக்கே!" எண்டு கத்திக்கொண்டு ஓடி வந்தா. நான் நிப்பாட்டேல்ல. மற்றப் பக்கத்தாலயும் வெட்டினேன். இனி அதில ஒரு பிரதியும் அடிக்க ஏலாது, அம்மாட படத்தை வெட்டவும் தேவையில்ல.

பிறகு மூண்டு பேரும் பிளேன்ரீ குடிச்சம். மியூசியத்துக்கு வேற ஆற்றயோ படத்தைத்தான் எடுக்க வேண்டி வரும் எண்டு மிஸ் மெல்லமாச் சொன்னா. போகேக்க அம்மாட கையைப் பிடிச்சு முத்தம் குடுத்திட்டுப் போனா.

அவ போனதிலயிருந்து எனக்கு இருப்புக் கொள்ளேல்ல. ஒரு சட்டை தைக்க எடுத்தேன், கையைத் தலைகீழாத் தைச்சு வைச்சிருக்கிறேன். உன்னை உலகம் பார்க்கிறதுக்கு இருந்த ஒரே கதவை நான் சாத்திப்போட்டேனா? எத்தினையோ பிள்ளைகள் அந்தப் படத்துக்கு முன்னால வந்து நிண்டிருக்குங்கள், அதில ஒரு பிள்ளை உன்னைப் போலச் சுவரில கீறத் தொடங்கியிருக்கும். அம்மாட ஒரு சொல்லுக்காக அவ்வளவையும் விட்டேன். நீ இருந்திருந்தா என்ன செய்திருப்பாய்? "விசரி" எண்டு ஏசியிருப்பாயா? ஏசடா. ஏசினாலாவது ஆறும்.

அம்மா இண்டைக்குக் காலமையும் படத்தைத் துடைச்சுப்போட்டு, "மூஞ்சியை வரைஞ்சிருக்கலாம்" எண்டு உன்னை ஏசினா. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஒண்டு மட்டும் உறுதியாச் சொல்லுறேன் கேள். நாளைக்கு எவ்வளவு பெரிய இடத்திலயிருந்து ஆர் வந்து கேட்டாலும், நீ பேர் எழுதின இடத்தில நான் என்ட பேரை எழுத மாட்டேன், வேற ஒருத்தரையும் எழுத விடவும் மாட்டேன். இருபத்தஞ்சு எண்டு நீ சொன்னாய். இருபத்தஞ்சுதான். பிறந்ததிலயிருந்து உன்னோட பிடிச்ச சண்டை ஒண்டிலயும் நான் தோத்ததில்ல தம்பி. நீ போனதுக்குப் பிறகு இதில தோத்திட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் கோவம் ஆறாத உன்ட ஒரே அக்கா